அண்ணனின் கடலை நான் ஃபார்மட் செய்த விதம்

எங்கள் வீட்டு ஆண்களில் கடல் ஒத்துக்கொள்ளாதவன் நான் ஒருவன்தான். பட்டினச்சேரியில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அது நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் யாராவது கேட்டால், எனக்குப் படிப்பு வந்துவிட்டது, அதனால் கடலுக்குப் போகவில்லை என்று சொல்லிக்கொள்வேன். படிப்பு வந்தது உண்மை. அதற்கு முன் வாந்தி வந்தது என்பதையும் சேர்த்தால்தான் முழு உண்மை.

பத்தொன்பது வயதில் ஒரே ஒரு தடவை அண்ணனின் விசைப்படகில் போனேன். அண்ணன்தான் டிரைவர். படகை ஓட்டி, எங்கே வலை போடுவது என்று முடிவெடுப்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். முகத்துவாரம் தாண்டி ஒரு மணி நேரத்தில் என் வயிறு பேச ஆரம்பித்தது. அதற்கடுத்த இரண்டு மணி நேரத்தில், அண்ணி கொடுத்தனுப்பிய இட்லியில் தொடங்கி முந்தின நாள் குழம்பு வரைக்கும் எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்தேன். இவனை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது, திரும்பிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். திரும்புவதற்கு முன்னால், வந்ததற்கு ஒரு இழுப்பாவது இழுத்துவிட்டுப் போவோமே என்று அந்த இடத்திலேயே வலையை இறக்கச் சொன்னார்.

அந்த ஒரு இழுப்பில் சங்கராவும் பாறையுமாக வந்த மீனைத் தூக்க ஆட்கள் திணறிவிட்டார்கள். அண்ணன் அப்போதுதான் ஜிபிஎஸ் வாங்கியிருந்தார். உடனே பொத்தானை அழுத்தி அந்த இடத்தை அதில் ஏற்றினார். ஏற்றிய இடத்துக்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? படகில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் பெயர் சொன்னார்களாம். அந்த நேரத்தில் அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. அன்றிலிருந்து அந்த இடத்தின் பெயர் 'தம்பி வாந்தி'.

இந்த மாதிரி இடங்களை பாயிண்ட் என்பார்கள். அண்ணனிடம் நூற்று முப்பத்தாறு பாயிண்ட் இருந்தன. மீன் கூடுகிற இடங்கள், மூழ்கிப்போன படகு கிடந்து வலையைக் கிழிக்கிற இடங்கள், நங்கூரம் மாட்டிக்கொண்டு வராமல் போன இடம், எல்லாவற்றுக்கும் ஒரு எண், ஒரு பெயர். 'வலை கிழிச்சான்', 'சங்கிலி விட்டது', 'மாமா கோவிச்சுக்கிட்ட மேடு' என்று போகும் பட்டியல். பத்து வருஷத்து உழைப்பு. ஒரு டிரைவர் தன் பாயிண்டை இன்னொரு டிரைவருக்குச் சொல்ல மாட்டார். சொந்த மைத்துனனாக இருந்தாலும் சொல்ல மாட்டார். வயர்லெஸ்ஸில் 'எங்க நிக்கிறீங்க' என்று கேட்டால் தெற்கே இருப்பவர் வடக்கே இருப்பதாகச் சொல்வார். கேட்பவரும் அதை நம்ப மாட்டார். வேறு படகு கண்ணுக்குத் தெரிந்தால் அண்ணன் தன் பாயிண்டில் நிற்காமல், வேறெங்கோ போவதுபோல நேராகப் போய்விடுவார். இதெல்லாம் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதுதான் கேவலம்.

இரண்டாயிரத்தெட்டோ ஒன்பதோ, நான் காரைக்காலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தினமும் பைக்கில் போய் வருவேன். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர். எனக்குத் தெரிந்தது மாற்றுச் சான்றிதழ் டைப் அடிப்பதும், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் இழுத்து எடுப்பதும்தான். ஆனாலும் நான் அந்தப் பெயரை மறுத்ததில்லை. அந்தப் பெயருக்கு ஏற்றாற்போல ஒரு லேப்டாப் வாங்கினேன். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. ஏரோகிராம் காலத்திலிருந்தே பிரான்சிலிருந்து வருகிற எதற்கும் எங்கள் ஊரில் ஒரு மதிப்பு உண்டு, வேலை செய்கிறதோ இல்லையோ.

அந்த லேப்டாப் எனக்குப் புரியாத பிரெஞ்சில் பேசியது. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ' இருந்தது. எண் அடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது புதிதாக வந்திருந்த சிஸ்டம் அதில் இருந்தது, அதைத் தாங்குகிற நினைவகம்தான் அதற்குள் இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு நான் குளித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், "பிரெஞ்சு செட்டிங்குங்க, கொஞ்சம் நிதானமாத்தான் வரும்" என்று சொல்லிவைத்தேன்.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகள் எல்லாம் கரையேறிய பிறகு, அண்ணனின் ஜிபிஎஸ்ஸில் திரை முழுக்கக் கோடு விழ ஆரம்பித்தது. நாகப்பட்டினத்துக் கடைக்காரர், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பழையதில் இருக்கும் பாயிண்டைப் புதியதில் அப்படியே ஏற்ற முடியாது, எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பதினோராவது பாயிண்டில் நான் போய் நோட்டைப் பிடுங்கினேன்.

"என்னண்ணே இது, இந்தக் காலத்துல போயி நோட்டுல எழுதிக்கிட்டு? நனைஞ்சா போச்சு, கரையான் அரிச்சா போச்சு. கம்ப்யூட்டர்ல போட்டா ஜென்மத்துக்கும் அழியாது."

அண்ணன் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அழியாதுல்ல?" என்று கேட்டார்.

"அழியவே அழியாதுண்ணே" என்றேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்கு கூசுகிறது.

மூன்று நாள் சாயங்காலம் அவர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். எண்கள் எல்லாம் டிகிரி, நிமிஷம், அதற்குப் பிறகு புள்ளி வைத்து இரண்டு மூன்று இலக்கம். பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் 'தம்பி வாந்தி' வந்தது.

"இதுக்கு வேற பேரு வைப்போம்ணே. 'சங்கரா மேடு'ன்னு போடுறேன்."

"பேர மாத்தாத. மாத்துனா எனக்கு எந்த எடம்னு தெரியாது."

"கம்ப்யூட்டர்ல போயி இதயெல்லாம் எப்படிண்ணே..."

"கம்ப்யூட்டருக்குக் கூச்சமாடா? அடி."

சமையலறையில் அண்ணி சிரித்தது எனக்குக் கேட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பெயரை அடித்தேன். அந்தக் கோபத்தோடேயே எண்ணையும் அடித்தேன்.

அண்ணனுக்கு ஆங்கில எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். அதனால் பெயர்களைத் தமிழில் மாற்றி, ஒரு பிரிண்ட் எடுத்துவிடலாம் என்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு காரைக்கால் கடைத்தெருவில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதன் உரிமையாளர் என்னோடு படித்தவர். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் மட்டும் தமிழ் எழுத்துரு இருந்தது. அரை நாள் உட்கார்ந்து மாற்றினேன். மாற்றியதோடு விட்டேனா? தலைப்புக்கு நீல நிறம் கொடுத்தேன், ஓரத்தில் இரட்டைக்கோடு போட்டேன், மேலே பெரிய எழுத்தில் 'அண்ணன் கடல்' என்று வைத்தேன். நண்பரைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன். அவர் மீன் சாப்பிடுகிறவர் என்பதைத் தவிர கடலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்பதால் காட்டினால் தப்பில்லை என்று நினைத்தேன். பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. சரி, புது ஜிபிஎஸ் வரட்டும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து லேப்டாப்பில் போட்டுவிட்டேன். போட்ட இடத்திலிருந்து தேடி எடுப்பது அண்ணனுக்குக் கஷ்டம் என்று, திரையின் நடுவில் அதற்கு ஒரு படத்தையும் வைத்தேன். தட்டினால் திறக்கும். அண்ணன் தட்டினார், ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தது. "பரவால்லடா" என்றார். அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது சாதாரண விஷயம் இல்லை.

அந்த 'பரவால்லடா'தான் என்னைக் கெடுத்தது. ஐந்து நிமிஷம் ஆகிறதே, அரை நிமிஷத்தில் திறந்தால் இன்னும் எவ்வளவு மெச்சுவார் என்று தோன்றியது. பழைய ஜிபிஎஸ்ஸை நாகப்பட்டினத்தில் கொடுத்தாகிவிட்டது. புதியது தடைக்காலம் முடிகிற சமயத்தில்தான் வரும். கையில் மூன்று வாரம் இருந்தது. லேப்டாப்பில் இருக்கும் புது சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் பழைய எக்ஸ்பியைப் போட்டால் பறக்கும் என்று பிரவுசிங் சென்டர் நண்பர் சொன்னார். மார்க்கர் பேனாவால் ஏதோ கிறுக்கியிருந்த ஒரு சிடியும் கொடுத்தார். "முக்கியமானத எல்லாம் பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்கங்க. அப்பறம் மொத்தமா அழிச்சுட்டுத்தான் போடணும்" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கா சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தரையில் பாய் விரித்து லேப்டாப்பை வைத்தேன். பக்கத்தில் பென் டிரைவ். அது சின்னது. அதில் ஏற்கெனவே கிடந்ததை எல்லாம் அழித்து இடம் பண்ணினேன், சென்டரிலிருந்து கொண்டுவந்த பட்டியல் உட்பட. அதான் லேப்டாப்பில் இருக்கிறதே. பிறகு லேப்டாப் திரையின் நடுவில் இருந்த 'அண்ணன் கடல்' படத்தை இழுத்துப் பென் டிரைவில் போட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. இந்த லேப்டாப் ஒரு வேலையை இவ்வளவு வேகமாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பெருமைதான் வந்தது.

சிடியைப் போட்டேன். நீலத்திரை வந்தது. அழிக்கவா என்று கேட்டது, அழி என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டது. பள்ளி அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை 'நிச்சயமாகவா' என்று கேட்கும் கம்ப்யூட்டரோடு பழகியவன் நான். படிக்காமலே ஆம் என்றேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, மஞ்சள் கோடு நகர்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி செய்யுது அது?"

"சுத்தம் பண்ணுது அண்ணி."

"நல்லாப் பண்ணுதா?"

"ஒரு துளி விடாமப் பண்ணும்."

பிறகு சிடியின் உறையில் எழுதியிருந்த நீளமான எண்ணை அடிக்கச் சொன்னது. அடித்தேன், தவறு என்றது. மறுபடி அடித்தேன், மறுபடி தவறு. பத்துப் பன்னிரண்டு தடவை அடித்துவிட்டு, நண்பருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொத்தான் மேல இருக்குறது பிரெஞ்சு எழுத்துங்க. உள்ள இருக்கிற எக்ஸ்பிக்கு அது தெரியாதுல்ல? நீங்க க்யூன்னு அடிச்சா அது ஏன்னு எடுத்துக்கும். பொத்தானப் பாக்காம அடிங்க" என்றார். பார்க்காமல் அடித்தேன், ஏற்றுக்கொண்டது. மத்தியானம் பச்சை மேடும் நீல வானமுமாகத் திரை வந்தபோது, நானே அந்தப் புல்லை நட்டதுபோல உட்கார்ந்திருந்தேன். சத்தம் வரவில்லை, வைஃபை இல்லை. ஆனால் பறந்தது. பொத்தானை அழுத்தி, கையை எடுப்பதற்குள் திறந்தது.

பென் டிரைவைச் செருகி 'அண்ணன் கடல்' படத்தைத் தட்டினேன். இந்தக் குறுக்குவழி குறிக்கும் பொருள் இல்லை, நகர்த்தப்பட்டிருக்கலாம் அல்லது அழிக்கப்பட்டிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் வந்தது.

மறுபடி தட்டினேன். அதுவே வந்தது, அதுவும் பறந்து வந்தது. அப்போதுதான் அந்தப் படத்தின் கீழ் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருப்பதைக் கவனித்தேன். நாலு வருஷமாக அந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். அண்ணன் சுலபமாகத் தட்டட்டும் என்று நான் நடுவில் வைத்தது பட்டியலே இல்லை, பட்டியல் இருக்கும் இடத்துக்கு வழி காட்டுகிற பலகை. பலகையைப் பத்திரமாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஊரை இடித்திருக்கிறேன்.

கடலில் போனபோது வந்த அதே குமட்டல், வீட்டுக்குள், பாயில் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது.

அண்ணனிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டினேன். அவர் பகல் முழுக்கப் படகில் கிடப்பார். பலகை இடுக்கை அடைப்பது, பெயின்ட் அடிப்பது, வலைக் கண்ணி பார்ப்பது. சாயங்காலம் வந்து கை கழுவிக்கொண்டே, "பட்டியல் பத்திரமா இருக்குல்ல?" என்பார். "இருக்குண்ணே" என்பேன். அவர் நம்பிவிட்டுச் சாப்பிட உட்காருவார். அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருஷம் அவர் சேர்த்ததை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அழித்துவிட்டேன், அதுவும் அவர் மெச்ச வேண்டும் என்பதற்காக. ஒரு நாள் அலுவலக நேரத்தில், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். பெயர்கள் எண்பது தேறின. எண் ஒன்றுகூட வரவில்லை. அவர் முதலில் எழுத ஆரம்பித்த நோட்டைத் தேடினேன். பதினோரு பாயிண்டோடு நான் பிடுங்கிய நோட்டு. அண்ணி அதில் பால் எத்தனை பாக்கெட் என்று குறித்துக்கொண்டிருந்தார். முன்பக்கங்களை அடுப்புப் பற்றவைக்கக் கிழித்தாகிவிட்டது. நீங்கள்தானே தம்பி வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டார். நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன தம்பி, கம்ப்யூட்டருக்கு ஏதாச்சுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல அண்ணி, நல்லாப் பறக்குது."

புது ஜிபிஎஸ் வந்துவிட்டது, நாளைக்கு எடுத்துவரப் போகிறேன் என்று அண்ணன் சொன்ன அன்றுதான் எனக்குப் பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் ஞாபகம் வந்தது. அரை நாள் உட்கார்ந்து தமிழில் மாற்றி, நீலத் தலைப்புப் போட்டேனே, அது எங்கே போனது? பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். சென்டரில் நல்ல கூட்டம். பரீட்சை முடிவு வந்திருந்த சமயம், பிள்ளைகளும் அப்பா அம்மாவும் நெருக்கியடித்து நின்றார்கள். நண்பரிடம் விஷயத்தைச் சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"அதுவா? அங்கதான கெடக்கு" என்றார் அவர், சாதாரணமாக. "நீங்க போட்டுட்டுப் போன அன்னைலேருந்து திரையிலயே இருக்கு. ரிசல்ட்டு பாக்க வர்றவங்க எல்லாம் அதத் தொறந்து பாத்துட்டு, யாரு செஞ்சது, நல்லாருக்கேன்னு கேக்குறாங்க. சில பேரு பிரிண்டு கூட எடுத்துக்கிட்டாங்க."

இந்த இடத்தில் மூளையுள்ள எவனும் ஒரு கேள்வி கேட்டிருப்பான். எனக்கு, என் நீலத் தலைப்பு எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. கடவுளே என்று மூன்றாம் நம்பரின் தலையைத் தொட்டுக் கும்பிட்டேன். இந்தத் தடவை பிரிண்டரில் மை இருந்தது. இரண்டு பிரதி எடுத்தேன், பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டேன், வழியில் அல்வாவும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நான் வாசிக்க, அண்ணன் புது ஜிபிஎஸ்ஸில் ஒவ்வொன்றாக ஏற்றினார். நூற்று முப்பத்தாறும் ஏறியது. "நோட்டுல எழுதிருந்தா இவ்ளோ சுத்தமா இருக்காதுடா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார். நடந்ததை இனி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, தப்பித்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

தடைக்காலம் முடிந்து, படகுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து எல்லோரும் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் அண்ணன் திரும்பினார். மீன் சுமாராகத்தான் இருந்தது என்பது அவர் செருப்பை விட்ட விதத்திலேயே தெரிந்தது. சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பட்டியல யாருக்குடா குடுத்த?"

"யாருக்கும் குடுக்கலண்ணே."

"போன எடத்துல எல்லாம் எனக்கு முன்னாடி எவனாவது நிக்கிறான். சரி, ஒண்ணு ரெண்டு எடம் தெரிஞ்சிருக்கும்னு விட்டேன். கடைசியா தம்பி வாந்திக்குப் போறேன். அங்க மூணு போட்டு நிக்கிது. நான் கிட்டப் போறதுக்குள்ள ஒருத்தன் வயர்லெஸ்ல கூப்புட்டு என்ன கேக்குறான் தெரியுமா? 'அண்ணே, தம்பி வாந்தியில மீனே இல்லியே, நீங்க எந்தப் பக்கம் பாத்து இழுப்பீங்க'ங்கறான்."

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பத்தொன்பது வயது வயிறு, காரைக்கால் படகுகளின் வயர்லெஸ் முழுக்க ஒலித்திருக்கிறது. அது போகட்டும். அண்ணன் பத்து வருஷமாகச் சொந்த மைத்துனனுக்கும் சொல்லாமல் வைத்திருந்த கடல் அதோடு சேர்ந்து போய்விட்டது. அதற்கு நான்தான் காரணம்.

எல்லாவற்றையும் சொன்னேன். மெச்சுவீர்கள் என்று நினைத்ததிலிருந்து தொடங்கி, அம்புக்குறி, அடுப்புக்குப் போன நோட்டு, மூன்றாம் நம்பர், பரீட்சை முடிவு பார்க்க வந்த படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும்.

"ஆக, நம்ம வீட்டுல அழிஞ்சு போச்சு" என்றார் அண்ணன் கடைசியில். "ஊரு பூரா இருக்கு."

"ஆமாண்ணே."

எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த இரண்டு வாரமும் லேப்டாப் அரை நிமிஷத்தில் திறந்தது. அதைத் திறப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும், பழைய பாயிண்டுகளை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடுகிறார், டீசல்தான் தீருகிறது என்று படகு ஆட்கள் பேசிக்கொண்டது அண்ணி வழியாக என் காதுக்கு வந்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வந்தார். கூடையில் வீட்டுக்கென்று எடுத்த சங்கரா, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அதை அண்ணியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "வாடா இங்க" என்றார். நான் கிட்டப் போய் நின்றேன்.

"அன்னைக்கு தம்பி வாந்தியில மூணு போட்டு நின்னுச்சுன்னேன்ல? நான் போயி எக்கோ சவுண்டர்ல கடலுக்கு அடியப் பாக்குறேன், கீழ வெறும் சேறு. நம்ம எடமே இல்ல அது. நீ எண்ண மாத்திப் போட்டுருக்க. அரை மைலாவது தள்ளியிருக்கும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா மூணு பேரும் பாத்துக்கிட்டிருக்கான். சுத்தித் தேடுனா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு, ஒண்ணும் தெரியாத மாதிரி நேரா வந்துட்டேன்."

"இப்ப?"

"இப்ப ஒருத்தனும் அங்க போறதில்ல. தம்பி வாந்தியில மீன் செத்துப்போச்சுன்னு விட்டுட்டான்." கூடையைக் காட்டினார். "நேத்து தனியாப் போயித் தேடிப் புடிச்சேன். எடம் அப்படியே இருக்கு."

பெயரில் வந்த கோபத்தில் நான் எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறேன். நூற்று முப்பத்தைந்து பாயிண்டை ஊருக்கு அச்சுப் பிசகாமல் கொடுத்தவன், இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றியிருக்கிறேன்.

"நீ டைப் அடிச்சதுலயே உருப்படியானது அந்தத் தப்பு ஒண்ணுதான்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க முயன்று தோற்றேன்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு புது நோட்டை எடுத்தார். நாற்பது பக்கம், பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பையைப் பிரித்து, முதல் பக்கத்தைத் திறந்து, பேனாவை என் கையில் கொடுத்தார்.

"உன் கையெழுத்து நல்லாருக்கும். பேர மட்டும் நீ எழுது."

பாயில் உட்கார்ந்து, பள்ளிப் பதிவேட்டில் எழுதுகிற அதே கவனத்தோடு, 'தம்பி வாந்தி' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் எண்ணை எழுதும்போது, எனக்குத் தெரியாமல் இருக்க இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டார்.